நெஞ்சு நோவும் சோதனைத் தேர்வும்

மேற்கு மலைத்தொடரின் இரு மருங்கிலும் வாழும் நம் மக்களுள் பெரும்பாலோர் உடலுழைப்பையே முதலாகக் கொண்டவர்கள். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் கொழுந்து கிள்ளுவோர் ஒரு சாரார். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவோர் மற்றொரு சாரார். நெல்லியாம்பதித் தோட்டங்களிலும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து வயல்களிலும், கஞ்சிக்கோட்டு ஆலைகளிலும் உழைப்போர் இன்னும் பலர். இவர்களுக்கு மேடு ஏறுதலும் சுமை தூக்குதலும் அன்றாடக் கடமைகள். அவ்வாறு ஏறும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் தோன்றி, சற்றே நின்றால் அது மறைந்துவிடுமானால், அதனைக் குறித்து என்ன செய்வது என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்விடத்தில் நம்மவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கின்றனர். வாயுப்பிடிப்பு என்று சொல்லி இஞ்சிச் சாறு பருகிவிட்டு வேலைக்குப் போய்விடுவது ஒரு வழி. அண்டை அயலார் சொற்கேட்டு அஞ்சி, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, நகரத்திலுள்ள பெரிய மருத்துவமனையில் 'எல்லாச் சோதனையும் எடுத்துவிடுங்கள்' என்று கேட்பது மற்றொரு வழி. முன்னது உயிருக்குக் கேடு. பின்னது குடும்பத்தின் பொருளுக்குக் கேடு, சிலபோது உடலுக்கும் கேடு. இவ்விரண்டுக்கும் இடையே நேரிய வழி ஒன்று உண்டு. அதனை இயன்றவரை எளிய சொற்களில் விளக்க முயல்வோம்.

காத்திருக்கக் கூடாத நோவு

முதற்கண் ஓர் எச்சரிக்கை. நாம் இங்கே பேசுவது, உழைக்கும்போது வந்து ஓய்வில் அடங்கும் நிலையான நோவைப் பற்றி மட்டுமே. சும்மா அமர்ந்திருக்கும்போதே நெஞ்சு நோவு வந்து 15 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், உடன் வியர்வை, வாந்தி, மூச்சுத் திணறல், மயக்கம் தோன்றினாலும், முன்பு ஏற்றத்தில் மட்டும் வந்த நோவு அண்மையில் அடிக்கடியும் சிறு வேலைக்கும் வரத் தொடங்கினாலும், அது அவசர நிலை. அப்போது எந்த ஸ்கேன் நல்லது என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. 108 ஆம்புலன்ஸை அழைத்தோ, கிடைத்த வண்டியிலோ, இ.சி.ஜி. எடுக்கக் கூடிய அண்மை மருத்துவமனைக்கு உடனே செல்லுதல் வேண்டும்.

2007 முதல் 2009 வரை கேரளத்தில் 125 மருத்துவமனைகளில், திடீர் இதய நோயுடன் வந்த 25,748 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். நோவு தொடங்கி 6 மணி நேரம் கடந்து வந்தவர்கள் மருத்துவமனையில் இறக்கும் வாய்ப்பு மிகுதி என்பதை அத்தொகுப்பு எடுத்துக் காட்டியது. மலைப் பாதையில் நாம் இழக்கும் ஒவ்வொரு மணியும் இக்கணக்கில் சேர்கிறது.

முதற் சோதனை நோயாளியின் வாய்மொழியே

அவசரம் இல்லை என்று தெளிந்தபின், கருவிகளுக்கு முன்னதாக ஒரு சோதனை இருக்கிறது. அதற்குக் காசு வேண்டுவதில்லை. நோயாளி தம் நோவைத் தெளிவாக எடுத்துரைப்பதே அச்சோதனை.

வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1768-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் கல்லூரியில் இந்நோயை முதன்முதல் விரிவாக விவரித்தார். நடக்கும்போதும், சிறப்பாக மேடு ஏறும்போதும், உணவு உண்டபின் நடக்கும்போதும் நெஞ்சில் ஓர் இறுக்கம் வரும்; நின்றவுடன் அது அகலும் என்று அவர் சொன்ன குறிப்பு, இன்றளவும் மருத்துவர் கையாளும் அளவுகோலாக நிற்கிறது. அவர்கள் மூன்று செய்திகளைத் தேடுகின்றனர். ஒன்று, நெஞ்சின் நடுவிலோ கழுத்து, தாடை, தோள், கை ஆகியவற்றிலோ அழுத்துவது போன்ற உணர்வு. இரண்டு, உழைப்பினால் அது வருதல். மூன்று, ஓய்வாலோ நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையாலோ ஏறக்குறைய 5 நிமிடத்தில் அது தணிதல். மூன்றும் கூடியிருந்தால் இதயக் குருதிக்குழாயின் குறையென்று ஐயுற இடம் பெரிது. ஒன்றும் இல்லையானால் ஐயம் சிறிது. இத்துடன் வயது, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கொழுப்பு, பீடி சிகரெட் பழக்கம், உடன்பிறந்தாருக்கு இளவயதில் வந்த மாரடைப்பு ஆகியவற்றையும் சேர்த்து மருத்துவர் எடை போடுவார். பெண்டிருக்கும் சர்க்கரை நோயாளர்க்கும் நோவு தெளிவாக இராமல், மூச்சிரைப்பாகவோ மிகுந்த களைப்பாகவோ வெளிப்படலாம் என்பதை நினைவிற்கொள்க.

மலைவாழ் நம்மவர்க்கு இதில் ஒரு நன்மை உண்டு. நகரத்தார்க்கு நடைப்பயிற்சி எந்திரம் அளக்கும் அளவை, நமக்கு நாள்தோறும் ஏறும் சரிவே அளந்து தருகிறது. 'லயத்திலிருந்து கோயில் மேடு வரை சென்ற ஆண்டு நில்லாமல் ஏறினேன்; மூன்று மாதமாகப் பாதி வழியில் நிற்கிறேன்; இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிறது' என்று ஒருவர் சொன்னால், மருத்துவர்க்கு அதனினும் தெளிவான குறிப்பு அரிது.

மொழியைக் குறித்தும் ஒரு சொல். நாம் 'வலி' என்பதை மலையாளத்தார் 'வேதன' என்பர். அவர்கள் 'வலிவு' என்பது மூச்சிரைப்பு நோயை. நெஞ்சில் வலி என்று விரைந்து சொல்ல, மூச்சிரைப்பு என்று கொள்ளப்படுவதற்கும் இடமுண்டு. ஆகவே 'நெஞ்சு வேதனை' என்று சொல்லி, கையால் இடத்தைக் காட்டி, எப்போது வருகிறது எப்போது போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது நன்று.

கால்வாயும் கழனியும்

வாய்மொழி கேட்டு, நாடியும் அழுத்தமும் பார்த்து, இ.சி.ஜி. எடுத்து, இரத்தச் சோதனையும் செய்தபின், படம் பிடிக்கும் சோதனை வேண்டுமா என்ற கேள்வி எழும். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருப்பதால் மட்டும் குருதிக்குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டலாகாது. ஆனால் எந்தப் படம்?

முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழும் கம்பம் பள்ளத்தாக்கு உழவர்க்கு இதனை விளக்குவது எளிது. கடைமடைக் கழனி வாடுகிறது என்று ஐயம் வந்தால் இரு வகையில் ஆராயலாம். கால்வாய் நெடுகிலும் நடந்து, எங்கே வண்டல் படிந்திருக்கிறது, எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்ப்பது ஒரு வகை. கழனிக்கே சென்று, நீர் மிகுதியாகத் தேவைப்படும் கோடையில் பயிர் வாடுகிறதா என்று பார்ப்பது மற்றொரு வகை. இதயத்திலும் அவ்வாறே. குருதிக்குழாயின் உருவை நேரே காட்டும் சோதனைகள் ஒரு வகை. இதயத் தசைக்கு உழைப்பின்போது போதிய குருதி சேர்கிறதா என்று காட்டும் சோதனைகள் மற்றொரு வகை. கால்வாயில் வண்டல் இருந்தும் பயிர் வாடாதிருக்கலாம். அகன்ற கால்வாயின் கிளை மடைகள் கெட்டுப் பயிர் வாடவும் கூடும். ஆகவே ஒன்று மற்றொன்றிற்கு முழு மாற்று ஆகாது.

சோதனைகளின் இயல்பு

முதல் வகையில் தலையாயது இதயக் குழாய்களின் சி.டி. ஆஞ்சியோகிராம். காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்பார் உருவாக்கிய சி.டி. கருவி 1971-இல் முதன்முதல் ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. துடிக்கும் இதயத்தையும் அசைவின்றிப் பிடிக்கும் வேகம் பின்னரே வாய்த்தது. இச்சோதனைக்கு 64 அடுக்குக்குக் குறையாத கருவி வேண்டும். கை நரம்பு வழியே அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, சில விநாடிகள் மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுப்பர். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60 அளவில் இருந்தால் படம் தெளியும். அதற்காக முன்னரே மாத்திரை தருவதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கும், அயோடின் மருந்து ஒவ்வாதவர்க்கும், நாடி ஒழுங்கின்றித் துடிப்பவர்க்கும் இது ஏற்றதா என்று மருத்துவர் ஆராய்வார். குழாயில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருந்தால் அடைப்பின் அளவைச் சி.டி. மிகைப்படுத்திக் காட்டக்கூடும். இச்சோதனையின் பெருஞ்சிறப்பு, நோய் இல்லை என்றால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல வல்லது என்பதே.

இரண்டாம் வகையில் பல உண்டு. மருந்தாலோ நடையாலோ இதயத்தை விரைவுபடுத்தி, எக்கோ கருவியால் அதன் சுவர் அசைவைப் பார்ப்பது ஒன்று. இதில் கதிர் இல்லை, ஆனால் பார்ப்பவரின் தேர்ச்சி மிக வேண்டும். நம்மவர் 'தாலியம் டெஸ்ட்' என்று பொதுப்பட வழங்கும் அணுக்கதிர்ச் சோதனை மற்றொன்று. இன்று அதில் பெரும்பாலும் டெக்னீஷியம் என்னும் பொருளே பயன்படுகிறது. 6 மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகும். இதற்குத் தரும் சில மருந்துகளின் செயலைக் காபியும் தேநீரும் தடுக்கும். ஆகையால் முன்னதாக 12 முதல் 24 மணி நேரம் அவற்றைத் தவிர்க்கச் சொல்வர். தேயிலை மலையில் வாழ்வோர்க்கு இது கடினமே. ஆயினும் ஒரு குவளைத் தேநீரால் மலையிறங்கி வந்த பயணம் முழுவதும் வீணாகிவிடக் கூடும். காந்தப்படமாகிய எம்.ஆர்.ஐ. கதிரின்றி நல்ல விவரம் தருவது; ஆனால் செலவும் மிகுதி, கிடைக்குமிடமும் குறைவு.

டிரெட்மில் சோதனை நம் ஊர்ப்புறங்களில் எளிதில் கிடைப்பது. அது படமன்று, நடக்கையில் எடுக்கும் இ.சி.ஜி. நோயைக் கண்டுபிடிப்பதில் மேற்சொன்னவற்றை விட அதன் ஆற்றல் குறைவு. எனினும் ஒருவர் எவ்வளவு உழைக்க வல்லவர், எந்த அளவில் நோவு வருகிறது என்பதை அறிய அது இன்றும் உதவும்.

இனி, யாவரும் அறிந்த ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு அல்லது தொடையின் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மருந்து பாய்ச்சிப் படம் எடுப்பது. மேசன் சோன்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1958-இல் இதற்கு வழி திறந்தார். உடலுக்குள் கருவி நுழைவதால், சிறிதாயினும் ஆபத்து உண்டு. ஆகவே இது முதற்படியாக யாவர்க்கும் உரியதன்று.

ஆய்வுகள் காட்டியவை

மூணாற்றுத் தேயிலையின் வரலாறு அறிந்தோர்க்கு ஸ்காட்லாந்து புதிய பெயரன்று. 1897-இல் எழுந்த கண்ணன் தேவன் கம்பெனி, கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனத்தாரின் முயற்சி. அந்த ஸ்காட்லாந்தில் நிலையான நெஞ்சு நோவு உடைய 4,146 பேரை இரு கூறாக்கி ஆராய்ந்தனர். ஒரு கூறினர்க்கு வழக்கமான சோதனைகள். மற்றக் கூறினர்க்கு அவற்றோடு சி.டி. ஆஞ்சியோகிராமும். 5 ஆண்டு முடிவு 2018-இல் வெளிவந்தது. இதய நோயால் இறந்தோரும் மாரடைப்பு உற்றோரும் சி.டி. எடுத்தவருள் 48 பேர், மற்றவருள் 81 பேர். வியப்பு என்னவெனில், குழாய் செலுத்தும் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர் தொகை இரு பக்கத்தும் ஏறக்குறைய ஒன்றே: 491, 502. படம் நோயைக் காட்டியதால் தக்கவர் தக்க மாத்திரைகளைப் பெற்றதே இந்நன்மைக்குக் காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

இதனால் சி.டி. ஒன்றே போதும் என்று கொள்ளலாகாது. 2015-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று 10,003 பேரில் சி.டி.யையும் உழைப்புச் சோதனைகளையும் ஒப்பிட்டது. இரண்டாண்டு அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 2022-இல் ஐரோப்பாவில் 3,561 பேரிடம் நடந்த ஆய்வு, சி.டி.யை முதலில் செய்வதையும் நேரே ஆஞ்சியோகிராம் செய்வதையும் ஒப்பிட்டது. பின்னாளைய இதயக் கேடுகளில் உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் சோதனையால் விளைந்த பெரிய சிக்கல்கள் சி.டி. பக்கம் 0.5 விழுக்காடு, ஆஞ்சியோகிராம் பக்கம் 1.9 விழுக்காடு.

2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு நம் மக்கள் அனைவரும் அறியத் தக்கது. இந்தியா உட்பட 37 நாடுகளில், உழைப்புச் சோதனையில் குறை தெளிவாகத் தெரிந்த 5,179 நிலையான நோயாளரை ஆராய்ந்தனர். விரைந்து ஆஞ்சியோகிராம் செய்து, தேவையானபோது ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் செய்தோ சிகிச்சை பெற்ற கூறில் இறந்தோர் 145 பேர். முதலில் மருந்தால் மட்டும் சிகிச்சை பெற்ற கூறில் இறந்தோர் 144 பேர். நோவு மிகுந்தவர்க்கு ஸ்டென்ட் நோவைக் குறைத்தது உண்மை. உயிரை நீட்டியதாகத் தெரியவில்லை. இடப்பக்க முதன்மைக் குழாயில் பேரடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் ஆற்றல் மிகக் குறைந்தவர்களும் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது. மற்றையோர்க்கு, நின்று ஆலோசிக்கக் காலம் உண்டு என்பதே இதன் பொருள்.

யாருக்கு எது?

பிரிட்டனின் வழிகாட்டி நெறி 2016 முதல், இதய நோவென ஐயுறும் பெரும்பாலோர்க்குச் சி.டி.யையே முதற் சோதனையாகக் கூறுகிறது. ஐரோப்பிய இதயக் கழகத்தின் 2024-ஆம் ஆண்டு நெறி, நோய் இருக்கும் வாய்ப்பைக் கணித்து, அதற்கேற்பச் சோதனையைத் தேரச் சொல்கிறது. நம் சூழலில் வைத்து நான்கு எடுத்துக்காட்டுகள் காண்போம்.

34 வயதுப் பெண். சுமை தூக்கிய மறுநாள் முதல் விலாவில் ஓரிடத்தில் குத்துகிறது. விரலால் அழுத்தினால் நோவு கூடுகிறது. ஏற்றத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. மருத்துவர் பார்த்து இ.சி.ஜி.யும் சரியாக இருந்தால், இவருக்குப் பெரும்பாலும் படமே வேண்டியதில்லை. வாய்ப்பு 5 விழுக்காட்டிற்கு மேற்படாதவர்க்கு மேற்சோதனைகளை ஒத்திவைக்கலாம் என்பதே நெறி.

50 வயது ஏலத்தோட்டத் தொழிலாளி. பீடிப் பழக்கம், சர்க்கரை நோய். மூன்று மாதமாக மேட்டில் நெஞ்சிறுக்கம். சிறுநீரகமும் நாடியும் ஒத்துவந்தால், சி.டி. ஆஞ்சியோகிராம் இவருக்கு நல்ல முதற்படி.

68 வயது முதியவர், முன்பே ஸ்டென்ட் வைத்தவர், மீண்டும் இறுக்கம். இவருக்குக் குழாயில் நோய் உண்டு என்பது தெரிந்ததே. தசைக்குக் குருதி போதுகிறதா என்பதே கேள்வி. ஆகையால் உழைப்பு எக்கோவோ அணுக்கதிர்ச் சோதனையோ பொருந்தும்.

நான்காமவர், மாத்திரைகள் உண்டும் பத்தடி நடந்தால் நோவு. எக்கோவில் இதயத்தின் ஆற்றல் குறைவு. இவர்க்கு இடைப்பட்ட சோதனைகளில் நாள் கழிப்பதை விட நேரே ஆஞ்சியோகிராம் செய்வதே முறை.

எல்லை கடக்கும்போது

பாலக்காட்டிலிருந்து கோவை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போய் ஒரே நாளில் மீளலாம். மூணாற்றிலிருந்து கோட்டயமோ மதுரையோ செல்வது அவ்வாறன்று. ஒரு பயணத்திற்கு இரு நாட்கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். ஆகவே மலையிலேயே முடியும் இ.சி.ஜி., சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்தின் கிரியேட்டினின் சோதனைகளை அண்மை அரசு மருத்துவமனையிலோ தோட்ட மருத்துவமனையிலோ முடித்துக்கொண்டு, சீட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்க. முன் எடுத்த படங்களின் குறுந்தகட்டையும் மறவாதீர். ஒரு மாநிலத்தில் எடுத்ததை மறு மாநிலத்தில் மீண்டும் எடுக்கச் செய்வதில் பணமும் கதிரளவும் இரட்டிக்கின்றன.

கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும், தமிழகத்தின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தகுதியுடைய குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகின்றன. ஆனால் எந்த மாநிலத்து அட்டை நம்மிடம் உள்ளதோ அதற்கேற்பவே மருத்துவமனையைத் தேர வேண்டும். மேலும் இத்தகைய திட்டங்கள் தங்கிப் பெறும் சிகிச்சையையே பெரிதும் கருதியவை. வெளிநோயாளியாக எடுக்கும் சி.டி. அதில் அடங்குமா என்று காப்பீட்டு மேசையில் முன்னரே கேட்டறிக. அட்டையில் அடங்குகிறது என்ற ஒரே காரணத்திற்காக, வேண்டாத ஆஞ்சியோகிராமுக்கு உடன்படுதல் அறிவுடைமை ஆகாது. வேண்டிய ஆஞ்சியோகிராமை அச்சத்தால் மறுத்தலும் அவ்வாறே.

மருத்துவரிடம் பணிவோடு கேட்கத் தக்க வினாக்கள் நான்கு. இச்சோதனையின் முடிவால் என் சிகிச்சை எவ்வாறு மாறும்? இது குழாயைப் பார்ப்பதா, தசைக்குச் சேரும் குருதியைப் பார்ப்பதா? எனக்கு இதனால் வரக்கூடிய தீங்கு என்ன? ஆஞ்சியோகிராமில் அடைப்புத் தெரிந்தால், அப்பொழுதே ஸ்டென்ட் வைப்பீர்களா, வீட்டாரோடு கலந்து முடிவு சொல்ல இடமுண்டா? நல்ல மருத்துவர் இவ்வினாக்களைக் குறையாகக் கொள்ளார்.

சோதனைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் காலத்தில், மருத்துவர் தந்த ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை முதலியவற்றைத் தாமாக நிறுத்தலாகாது. பீடியை அன்றே நிறுத்துக. படம் நன்றாக வந்தாலும், சர்க்கரையையும் அழுத்தத்தையும் காக்கும் கடமை நீங்குவதில்லை.

நம் லயங்களிலும் சிற்றூர்களிலும் எழுத்தறியாத முதியோர் இன்னும் உளர். மேட்டில் பாதி வழி நின்று நெஞ்சைத் தடவும் பெரியவரை நாம் அனைவரும் அறிவோம். 'வயசாச்சு' என்று அவரே சொல்லிக்கொள்வார். இவ்விதழைப் பெறும் இளைஞர்கள் அவர் பக்கத்தில் அமர்ந்து, எங்கே நோகிறது, எந்த மேட்டில் வருகிறது, எத்தனை நிமிடத்தில் போகிறது என்ற மூன்றையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து, மருத்துவரிடம் உடன் செல்வார்களாக. எந்தச் சோதனை வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்ய அத்தாள் பெருந்துணையாகும்.